ரொன்கல்லி குடும்பத்து அருளப்பர்

பாப்பரசர் 23-ம் அருளப்பரின் படம் மாட்டப்படாத பங்குக் குரு இல்லம் ஒரு காலத்தில் அரிதாயிருந்தது. பருத்த தேகம், பெரிய காதுகள், பாட்டனாரைப் போன்ற சிரித்த முகம். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே ஞானோபதேசம் கற்றவர்கள் நம்மில் பலர். அவர் கூட்டிய பொதுச்சங்கத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். ஆனால் பாப்பரசராவதற்கு முன் எழுபத்தாறு ஆண்டுகள் அவர் தாங்கியிருந்த குடும்பப் பெயர் என்ன, அது எங்கே முளைத்தது என்று கேட்டால் தயங்குவோம். இந்த யூபிலி மலருக்காக நமது பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்த நாட்களில்தான் இந்த நினைவு நமக்கு வந்தது. ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு ஒரு வாழ்க்கையைத் தொடர்ந்து செல்ல முடியுமா என்று பார்க்கத் துணிந்தோம்.

நாம் தந்தையின் பெயரின் முதலெழுத்தை முன்னே போட்டுக்கொண்டு காரியத்தை முடித்துவிடுகிறோம். இத்தாலியருக்கு அப்படியன்று. குடும்பப் பெயர் ஒன்று தலைமுறை தலைமுறையாக மாறாமல் இறங்கி வரும். அது மத்திய காலத்தில் மெல்ல மெல்ல ஏற்பட்ட வழக்கம். பின்னர் 16-ம் நூற்றாண்டில் திரிதெந்தீன் பொதுச்சங்கம், ஒவ்வொரு பங்குக் குருவும் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் பதிவேடு வைக்க வேண்டுமென்று கட்டளையிட்டது. ஏட்டில் ஏறிய பெயர் அதன்பின் அவ்வளவு எளிதாக மாறவில்லை. உடல் நிறத்தால் வந்த பெயர்கள் உண்டு. ரொஸ்ஸி என்பது சிவந்தவன் வழி வந்தது. தொழிலால் வந்தவை உண்டு. பெர்ராரி என்பது கொல்லன் பெயர். புனித 10-ம் பத்திநாதரின் குடும்பப் பெயரான சார்த்தோ என்பதற்குத் தையற்காரன் என்றே பொருள். ஊராலும் நிலத்தாலும் வந்த பெயர்களோ எண்ணிலடங்கா.

ரொன்கல்லி என்பது நிலத்தால் வந்த பெயர். வட இத்தாலியில், லொம்பார்தியா மாநிலத்தில், பெர்காமோ என்னும் பழைய நகரம் இருக்கிறது. அதற்கு வடக்கே ஆல்ப்ஸ் மலைத்தொடரின் முன்வரிசைக் குன்றுகள் தொடங்குகின்றன. புதரும் கல்லும் நிறைந்த அந்தச் சரிவுகளை வெட்டித் திருத்தி, படிப்படியாக மேடை கட்டி, திராட்சைக்கொடி நட்டார்கள் அங்குள்ள குடியானவர்கள். அப்படித் திருத்திய நிலத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ரொன்கோ. களை பிடுங்குதல், காடு திருத்துதல் என்று பொருள்படும் ருன்காரே என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது அது. ரொன்கோ, ரொன்கி, ரொன்கோலா, ரொன்காலியா என்று அதே வேரிலிருந்து கிளைத்த ஊர்ப் பெயர்களும் குடும்பப் பெயர்களும் வட இத்தாலி முழுவதும் இறைந்து கிடக்கின்றன. ஆகவே நாம் கதை சொல்லப் புகுந்த குடும்பத்தின் பெயருக்குத் தமிழில் பொருள் சொல்லப்போனால், மலைச்சரிவைத் திருத்திக் கொல்லையாக்கியவர்கள் என்று சொல்ல வேண்டும். மண்வெட்டியின் ஓசை கேட்கிறது அந்தப் பெயரில்.

வேர் பரவலானது, ஆனால் ரொன்கல்லி என்ற இந்த வடிவம் அப்படிப் பரவியதன்று. பெர்காமோ வட்டாரத்தில்தான் அது ஊன்றி நிற்கிறது. தெற்கே போகப் போகக் காண்பதரிது. வெளியூரில் பெயர் பெற்ற ரொன்கல்லிகளை எண்ண விரல்கள் போதும். 1626-ல் இறந்த கிறிஸ்தோபரோ ரொன்கல்லி என்ற ஓவியர், லொரேத்தோ பேராலயத்தில் சித்திரம் தீட்டியவர். அவரையும் உலகம் குடும்பப் பெயரால் அறியவில்லை. அவர் பிறந்த ஊரை வைத்துப் பொமராஞ்சியோ என்றே அழைத்தது. ஜெர்மனியில் 1976-ல் தொடங்கப்பட்ட ஒரு சர்க்கஸ் கம்பெனி ரொன்கல்லி என்ற பெயரைச் சூட்டிக்கொண்டதும் உண்டு. அது நம் கதைக்கு வெளியே போகும்.

15-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் இமாஞ்ஞா என்ற மலைப் பள்ளத்தாக்கிலிருந்து மார்த்தீனோ ரொன்கல்லி என்பவர் கீழே இறங்கி வந்தார். மைத்தீனோ என்பது அவருக்கு வழங்கிய பட்டப் பெயர். அவர் வந்து குடியேறிய கிராமத்தின் பெயர் சொத்தோ இல் மொந்தே. மலைக்குக் கீழே என்பதே அதன் பொருள். அங்கே அவர் கட்டிய வீட்டுக்குக் கா மைத்தீனோ, அதாவது மைத்தீனோ வீடு, என்ற பெயர் நிலைத்தது. அவர் வசதியுள்ள மனிதராகவே இருந்திருக்க வேண்டும். ஆனால் நானூறு ஆண்டுகளில் சந்ததி பெருகியது, நிலம் பெருகவில்லை. அவருடைய வழிவந்த ஒரு கிளை, மொர்லானி என்ற பிரபுக்களின் நிலத்தை வாரத்துக்குச் சாகுபடி செய்து, விளைந்ததில் பாதியை அளந்துவிட்டு, மீதியில் காலம் தள்ளும் நிலைக்கு வந்தது.

அந்தக் கிளையில், 1881 நவம்பர் 25-ந் தேதி, ஜொவான்னி பத்திஸ்தா ரொன்கல்லிக்கும் மரியன்னா மத்சோலாவுக்கும் நாலாவது குழந்தையாக, முதல் ஆண்மகவாக, ஒரு பிள்ளை பிறந்தது. பிறந்த அன்றே ஞானஸ்நானம். ஆஞ்செலோ ஜுசெப்பே, அதாவது சம்மனசு சூசை, என்று பெயர். ஞானத்தந்தை பாட்டனாரின் சகோதரரான சவேரியோ ரொன்கல்லி. திருமணம் செய்துகொள்ளாமல் குடும்பத்தின் தலைவராயிருந்த இந்தப் பெரியவர்தான் பிள்ளைக்கு ஜெபமும் பக்தியும் ஊட்டியவர். ஒரே கூரையின்கீழ் ஏறத்தாழ முப்பது பேர். சில பசுக்கள், பட்டுப்புழு வளர்ப்பு, மேசை மீது பெரும்பாலும் மக்காச்சோளக் களி. வாசலில் பிச்சைக்காரன் வந்து நின்றால் அவனுக்கும் இடம் உண்டு. ஏழைகள் என்று தங்களை அவர்கள் எண்ணிக்கொண்டதில்லை. எல்லாரும் அப்படித்தானே இருந்தார்கள்!

குருமடப் படிப்பு பெர்காமோவிலும் உரோமையிலும். 1904 ஆகஸ்டு 10-ல் உரோமையில் குருப்பட்டம். மறு ஆண்டு பெர்காமோ மேற்றிராணியார் ராதினி தெதெஸ்கி ஆண்டகை அவரைத் தம் காரியதரிசியாக்கிக் கொண்டார். இந்த வேலையில்தான் இளங்குருவானவருக்குப் பழைய ஏடுகளின் மேல் மோகம் பிறந்தது. 1906-ல் மிலான் ஆவணக் காப்பகத்தில், புனித சார்லஸ் பொரோமேயோ 1575-ல் பெர்காமோ மறைமாவட்டத்தைப் பங்கு பங்காகச் சந்தித்தபோது எழுதப்பட்ட குறிப்புகள் கட்டுக் கட்டாக அவர் கண்ணில் பட்டன. அவற்றைத் தொகுத்து ஐந்து பாகங்களாக அச்சேற்றும் வேலை 1936-ல் தொடங்கி 1957-ல் முடிந்தது. ஒரு பங்கில் எத்தனை பீடம், எத்தனை குடும்பம் என்று தூசு தட்டிப் படித்த மனிதருக்குத் தம் சொந்தக் குடும்பத்தின் வேர் எங்கே என்று தேடத் தோன்றாமலிருக்குமா? தேடினார். மைத்தீனோவின் கதையை அவர் நன்கறிந்திருந்தார்.

இதற்குப் பின் நெடுங்காலம் அவர் ஊரிலில்லை. முதல் உலக யுத்தத்தில் இராணுவ மருத்துவமனைச் சேவை. 1925-ல் மேற்றிராணியார் அபிஷேகம், உடனே பல்கேரியா. 1934 முடிவில் துருக்கியும் கிரேக்க நாடும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது இஸ்தான்புல் வழியாகத் தப்பியோடிய யூத மக்களுக்கு அனுமதிச் சீட்டுகள் கிடைக்கத் தம் பதவியின் செல்வாக்கையெல்லாம் பயன்படுத்தினார். பல உயிர்கள் பிழைத்தன. 1944 இறுதியில் பாரீஸ். இருபத்தெட்டு ஆண்டு அந்நிய நாட்டு வாசம்!

ஆனால் ஒரு காரியத்தை நாம் கவனிக்க வேண்டும். 1925-ல் வெளிநாடு புறப்பட்ட அதே ஆண்டில், சொத்தோ இல் மொந்தேயில் அந்தக் கா மைத்தீனோ வீட்டின் ஒரு பகுதியை அவர் வாடகைக்கு எடுத்தார். விலைக்கு வாங்கவில்லை, வாடகைதான். ஆண்டுதோறும் கோடை விடுமுறைக்கு அங்கே வந்து தங்குவார். மணமாகாத சகோதரிகள் அன்சில்லாவும் மரியாவும் வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். எந்த மூதாதை கட்டியதோ அந்த வீட்டில் அவர் ஒரு வாடகைக்காரர்! அவர் அதைக் குறையாக எண்ணியதில்லை என்பதே நம் கருத்து. தம்பிமார் வயலிலிருந்து திரும்பும் நேரம் தெரியும், ஆலய மணி கேட்கும், புத்தகங்கள் இருக்கும். வேறென்ன வேண்டும்?

1953-ல் கர்தினாலாகி வெனிஸ் நகரின் பிதாப்பிதா ஆனார். 1958 அக்டோபர் 9-ல் 12-ம் பத்திநாதர் இறந்தார். நாலாம் நாள் வாக்கெடுப்பில், அக்டோபர் 28-ந் தேதி மாலை, வெண்புகை எழுந்தது. கர்தினால் கனாலி மாடத்தில் வந்து நின்று லத்தீனில் அறிவித்தார். அந்த அறிவிப்பின் முறையை அன்பர்கள் நினைவுகூர வேண்டும். தெரிந்தெடுக்கப்பட்டவரின் ஞானஸ்நானப் பெயரை லத்தீனில் மாற்றிச் சொல்வார்கள். குடும்பப் பெயரை மாற்றாமல், தாய்மொழியில் உள்ளபடியே விட்டுவிடுவார்கள். லத்தீன் சொற்களின் நடுவே, திருத்திய மலைச்சரிவின் அந்தக் குடியானவப் பெயர் இராயப்பர் சதுக்கத்தில் ஒலித்தது. அடுத்த மூச்சில் புதுப் பெயர் வந்து அதை மூடிவிட்டது.

அருளப்பர் என்ற பெயரை ஏன் எடுத்தார்? அதற்கு அவரே காரணங்களை அடுக்கினார். முதற் காரணம், அது தம் தந்தையின் பெயர். இத்தாலியர் ஜொவான்னி என்பதைத்தான் நாம் அருளப்பர் என்கிறோம். அடுத்தது, தாம் ஞானஸ்நானம் பெற்ற எளிய பங்கின் பாதுகாவலரும் அவரே. எண்ணற்ற பேராலயங்களுக்கும், முதன்மையாக உரோமையின் லாத்தரன் பேராலயத்துக்கும் அப்பெயரே என்பது அதன்பின். குடும்பப் பெயரை விடவேண்டிய நிமிடத்தில் தந்தையின் பெயரை எடுத்துச் சூடிக்கொண்டாரே, அதைப் படிக்குந்தோறும் நமக்கு நெஞ்சு கனிகிறது. 1334-ல் இறந்த 22-ம் அருளப்பருக்குப் பின் எந்தப் பாப்பரசரும் இப்பெயரை எடுக்கத் துணியவில்லை. பிளவுக் காலத்தில், 1410-ல் பல்தசாரே கொஸ்ஸா என்பவர் 23-ம் அருளப்பர் என்று தம்மை அழைத்துக்கொண்டு குழப்பம் விளைவித்திருந்தார். வரலாறு படித்தவரான நம் பாப்பரசர் அந்தக் கணக்கைத் தயங்காமல் நேர்செய்துவிட்டார்.

முடிசூட்டு விழாவுக்கு நவம்பர் 4-ந் தேதியைக் குறித்தார். அது புனித சார்லஸ் பொரோமேயோவின் திருநாள். தம்பிகள் சவேரியோ, அல்பிரேதோ, ஜுசெப்பே ஆகியோரும் சகோதரி அசுந்தாவும் ஊரிலிருந்து வந்து கலந்துகொண்டார்கள். மண்ணில் உழைத்துக் காய்ப்பேறிய கைகள். முந்தைய பாப்பரசர்கள் சிலரின் உறவினர் பிரபுக்களாயிருந்ததும், பிரபுக்களானதும் உலகம் அறிந்தது. இப்போது என்ன நடக்குமோ என்று பலர் பார்த்திருந்தனர். ரொன்கல்லி என்ற பெயர் தாங்கிய பிரபுக் குடும்பங்களும் இத்தாலியில் உண்டு. நூல் பிடித்து உறவு காட்டுவது கெட்டிக்காரர்களுக்குப் பெரிய வேலையன்று. அவர் அதை நாடவில்லை. பழைய ரொன்கல்லிகளின் சின்னமான கோபுரத்தைத் தம் முத்திரையில் வைத்துக்கொண்டார். அதற்கு மேல் வெனிஸ் நகர் மாற்குவின் சிங்கம். பட்டம் எதையும் குடும்பத்துக்குக் கொடுக்கவில்லை.

இது எளிதாக நடந்துவிட்டதென்று நாம் நினைக்கலாகாது. உள்ளூர்க்காரர் கேலி செய்திருப்பார்கள். அண்ணன் உலகத்துக்கே தந்தை, தம்பிகளோ இன்னும் மாட்டுத் தொழுவத்தில்! இளங்குருவாயிருந்த காலம் முதல் தம்மால் இயன்ற சிறு தொகைகளை வீட்டுக்கு அனுப்பியவர்தான் அவர். ஆனால் அது ஏழை ஏழைக்குச் செய்யும் உதவி. பாப்பரசரின் கருவூலம் வேறு. 1961 டிசம்பர் 3-ந் தேதி, எண்பது வயது நிறைந்த சில நாட்களில், தம்பி சவேரியோவுக்கும் அவர் வழியாகக் குடும்பம் முழுவதற்கும் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். உறவினரைச் செல்வராக்கவில்லை என்பதே தம் பதவிக்காலத்தின் பெருமைகளில் ஒன்றாக இருக்குமென்றும், அந்த எளிமையையே ரொன்கல்லிகள் தங்கள் மரியாதையாகக் காக்க வேண்டுமென்றும் அன்போடு எடுத்துரைத்தார். அன்பு நிறைந்த கடிதம்தான். ஆனால் கதவைச் சாத்தும் கடிதமும்கூட. அதைப் படித்த அந்தக் குடியானவர்களின் மனம் ஒரு கணம் வாடியிருந்தால் நாம் அவர்களைக் குறை சொல்ல மாட்டோம்.

அவருடைய ஆட்சியின் பெருஞ்செயல்களை அன்பர்கள் அறிவார்கள். 1959 ஜனவரி 25-ல் பொதுச்சங்க அறிவிப்பு. 1962 அக்டோபர் 11-ல் அதன் தொடக்கம். 1963 ஏப்ரல் 11-ல் உலக சமாதானத்தைப் பற்றிய சுற்றுமடல். அதற்குள் வயிற்றுப் புற்றுநோய் முற்றியிருந்தது. மே மாத இறுதியில் தம்பிகள் மூவரையும் சகோதரியையும் உரோமைக்கு வரவழைத்தார்கள். கட்டிலைச் சுற்றிக் கர்தினால்மார் ஒருபுறமும் சொத்தோ இல் மொந்தேயின் உழவர்கள் மறுபுறமுமாக நின்றார்கள். ஜூன் 3-ந் தேதி மாலை, கீழே சதுக்கத்தில் பூசை முடிந்த வேளையில், அவர் உயிர் பிரிந்தது. 2014 ஏப்ரல் 27-ல் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது.

கா மைத்தீனோ வீட்டில் அவருடைய காரியதரிசி லொரிஸ் கப்போவில்லா பல்லாண்டு தங்கி, நினைவுப் பொருள்களைக் காத்து, வந்தவர்களுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருந்தார். 2014-ல் கர்தினாலாகி, 2016-ல் நூறு வயதில் இறந்தார். கிராமத்தின் பெயரையும் மாற்றிவிட்டார்கள். சொத்தோ இல் மொந்தே ஜொவான்னி 23 என்பதே இன்று அதன் முழுப்பெயர். குடும்பப் பெயரையன்று, தந்தையிடமிருந்து அவர் எடுத்த பெயரைத்தான் ஊர் சூடிக்கொண்டது. ரொன்கல்லி என்ற பெயரோ அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்துக் கற்களிலும், 1881-ம் ஆண்டுப் பதிவேட்டில் சம்மனசு சூசை என்ற குழந்தையின் பக்கத்திலும், எழுதினபடி இருக்கிறது.