வீணை தனம்மாள்

இசைக்கருவியின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் தாங்கி வாழ்ந்தவர் வீணை தனம்மாள். பெரிய மேடைகளை நாடாது, தம் இல்லத்துக் கூடத்தில் அமர்ந்தபடியே இசையுலகைத் தம்பால் ஈர்த்த அப்பெருமாட்டியின் வரலாறு நம் மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்றாகும்.

தனம்மாள் 1867ஆம் ஆண்டு சென்னை ஜார்ஜ் டவுனில், இசையும் நடனமும் வழிவழியாய்த் தழைத்த தேவதாசி மரபுக் குடும்பத்தில் பிறந்தார். பாட்டி காமாட்சி அம்மாள் தஞ்சை அரசவையில் ஆடியவர். தாயார் சுந்தரம்மாள் தேர்ந்த பாடகி. இளமையில் வீட்டிலேயே தொடங்கிய பயிற்சி, பின்னர் பல ஆசான்களிடம் தொடர்ந்தது. சாத்தனூர் பஞ்சநதய்யரிடம் முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளையும், பார்வையற்ற இசைவாணரான பாலதாஸ் நாயுடுவிடம் க்ஷேத்ரக்ஞரின் பதங்களையும் பாடம் பெற்றார்.

அவர் வாசிப்பு தனித்தன்மை வாய்ந்தது. விரலில் கம்பி வளையம் அணியாமல் வெறும் விரல்களாலேயே தந்திகளை மீட்டுவார். உடன் மெல்லப் பாடவும் செய்வார். நாதம் மிகச் சன்னமாக ஒலிக்கும். ஆகவே கேட்போர் மூச்சையும் அடக்கி அமர்ந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலைதோறும் அவர் இல்லத்தில் நிகழ்ந்த வாசிப்பைக் கேட்பதற்குப் பெரும் வித்துவான்களும் மாணவரைப்போல் வந்து அமர்ந்தனர்.

தேவதாசி மரபினரைச் சமூகம் புறந்தள்ளத் தொடங்கிய காலம் அது. தனம்மாளிடம் செல்வம் நிலைக்கவில்லை. முதுமையில் கண்ணொளியும் மறைந்தது. எனினும், கூட்டத்தைக் கவர்வதற்காகத் தம் இசையின் நிதானத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

1930களில், அறுபது வயதைக் கடந்த பின்னர், கொலம்பியா நிறுவனம் அவர் வாசிப்பை இசைத்தட்டுகளில் பதிவு செய்தது. அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களே அடங்கும். விரிந்து பரவும் இராகத்தை அச்சிறு எல்லைக்குள் அவர் சுருக்கித் தந்தார். அப்பதிவுகளே இன்றும் அவர் விரல்களின் நாதத்தை நமக்கு உணர்த்துகின்றன.

ஆயினும் மூன்று நிமிடத் தட்டில் அடங்காதவற்றைக் காத்தது கற்பித்தலே. தம் நான்கு புதல்வியருக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அவர் தந்த இசைச்செல்வம் குடும்பச் சொத்தாயிற்று. பேத்தியரான பிருந்தாவும் முக்தாவும் பதங்களையும் ஜாவளிகளையும் காத்தனர்; மற்றொரு பேத்தி பாலசரஸ்வதி பரதநாட்டியத்தை உலகறியச் செய்தார். பேரன்மாரான மிருதங்கக் கலைஞர் ரங்கநாதனும் புல்லாங்குழல் கலைஞர் விசுவநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு கற்பித்தனர். ஜார்ஜ் டவுன் கூடத்தில் பிறந்த நாதம் கடல் கடந்தும் வேர்விட்டது.

1938ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் தனம்மாள் மறைந்தார். 2010ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது.

வீட்டுக் கூடத்தில் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்ததே அவர் இசையைத் தலைமுறைகள் தாண்டி வாழச்செய்தது. வாரத்தில் ஒருநாள் தமிழ் பயிலும் நம் சிறார்க்கும், அவர்களை அழைத்துவரும் பெற்றோர்க்கும் இதனினும் நல்ல ஊக்கம் வேறுண்டோ!