விஷச் செடியை மருந்தாக்கியவர்!

ஒரே செடி உயிரை எடுக்கவும் செய்யும், உயிரைக் காக்கவும் செய்யும் என்றால் நம்புவீர்களா? அப்படிப்பட்ட ஒரு செடியைப் பத்து ஆண்டுகள் பொறுமையாக ஆராய்ந்த மருத்துவரின் கதை இது. அவர் பெயர் வில்லியம் வித்தரிங்.

1741-ம் ஆண்டு இங்கிலாந்தில் வெலிங்டன் என்ற ஊரில் பிறந்தார் வித்தரிங். அவருடைய அப்பாவும் வைத்தியர்தான். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் படித்து 1766-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். படிக்கும்போது அவருக்குப் பிடிக்காத பாடம் எது தெரியுமா? தாவரவியல்!

பிறகு ஸ்டாஃபர்ட் என்ற ஊரில் மருத்துவம் பார்த்தார். அங்கே ஹெலனா என்ற பெண் அவரிடம் சிகிச்சைக்கு வந்தார். பூக்களை ஓவியமாக வரைவதில் ஹெலனாவுக்கு ஆசை. அவருக்காகத் தேடித் தேடிப் பூக்களைப் பறித்து வந்த வித்தரிங்குக்குச் செடிகள் மீதே ஆர்வம் வந்துவிட்டது. ஹெலனாவையே திருமணமும் செய்துகொண்டார். 1776-ல் பிரிட்டனின் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூலே வெளியிட்டார்!

அதற்கு முந்தைய ஆண்டு, ஒரு நாட்டு வைத்தியத்தைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்டார்கள். ஷ்ராப்ஷயர் பகுதியில் ஒரு பாட்டி ரகசியமாக வைத்திருந்த கஷாயம் அது. உடம்பில் நீர் கோத்து, காலும் வயிறும் வீங்கும் நோய்க்கு அதைக் கொடுப்பார். மருத்துவர்கள் கைவிட்ட சிலர்கூட அதில் குணமானார்கள். ஆனால், குடித்தவர்களுக்குக் கடுமையான வாந்தியும் பேதியும் வந்தன.

அந்தக் கஷாயத்தில் 20-க்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. அவற்றில் வேலை செய்வது எது? செடிகளை நன்கு அறிந்த வித்தரிங்குக்கு அதைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஊதா நிறத்தில் மணி மணியாகப் பூக்கும் ஃபாக்ஸ்குளோவ் என்ற செடிதான் அது. பார்க்க அழகு, ஆனால் விஷம்!

எவ்வளவு கொடுத்தால் மருந்து? எவ்வளவு கொடுத்தால் ஆபத்து? அது யாருக்கும் தெரியாது. தன்னிடம் வந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் வித்தரிங். ஆரம்பத்தில் அளவு அதிகமாகிவிட்டது. நோயாளிகள் அவதிப்பட்டார்கள். உடனே அளவைக் குறைத்தார். இலையைப் பறிக்கும் பருவத்தைப் பொறுத்து அதன் வீரியம் மாறுவதையும் கவனித்தார். அதனால் பூக்கும் காலத்தில் மட்டுமே இலைகளைப் பறித்து, உலர்த்திப் பொடியாக்கி, அளந்து கொடுத்தார். நாடித்துடிப்பு குறைந்தாலோ, குமட்டல் வந்தாலோ மருந்தை உடனே நிறுத்தினார்.

1785-ல் தன் ஆராய்ச்சியைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் தன்னுடைய 163 நோயாளிகளின் விவரங்களை எழுதினார். குணமானவர்களைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் பாராட்டு குவிந்திருக்கும், இல்லையா? ஆனால் குணமாகாதவர்கள், இறந்துபோனவர்கள் பற்றியும் அவர் மறைக்காமல் எழுதினார். தான் அதிகமாகக் கொடுத்துவிட்டதையும் ஒப்புக்கொண்டார்! ஏன் தெரியுமா? அதற்குள் இந்தச் செடியின் புகழ் பரவத் தொடங்கியிருந்தது. அளவு தெரியாமல் மற்றவர்கள் கொடுத்தால் உயிர்கள் போகுமே என்று அவர் கவலைப்பட்டார்.

இந்த மருந்து இதயத் துடிப்பை மாற்றுவதையும் வித்தரிங் குறித்து வைத்தார். இதயம் பலவீனமாகி, ரத்தத்தைச் சரியாக இறைக்க முடியாமல் போனாலும் உடம்பில் நீர் கோக்கும். அப்படிப்பட்டவர்களுக்கே இந்த மருந்து அதிகம் உதவியது என்பது பின்னாளில் புரிந்தது. 1930-ல் இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியிலிருந்து டிகாக்ஸின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். இதய நோயாளிகள் சிலருக்கு இன்றும் மருத்துவர்கள் அதை மிகக் கவனமாக அளந்து கொடுக்கிறார்கள்.

1799-ல் வித்தரிங் மறைந்தார். பர்மிங்காமின் எட்ஜ்பாஸ்டன் தேவாலயத்தில் உள்ள அவரது நினைவுக் கல்லில் ஃபாக்ஸ்குளோவ் செடியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

நண்பர்களே, தெரியாத செடியை ஒருபோதும் வாயில் வைக்காதீர்கள். அடுத்த முறை பள்ளியில் சோதனை செய்யும்போது தவறான விடை வந்தால், அதை அழிக்காமல் நோட்டில் எழுதி வையுங்கள். வித்தரிங் அப்படித்தான் செய்தார்!