போர்முனையில் பிறந்த டாக்டர் டூலிட்டில்

விலங்குகளோடு பேசும் டாக்டர் டூலிட்டிலை நம் குடியிருப்பில் பலரும் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 1998-ல் எடி மர்ஃபி நடித்த படம் இங்கும் பிரபலம். இந்த டாக்டர் முதன்முதலில் உருவானது முதல் உலகப் போரின்போது, ஒரு தகப்பனார் தன் பிள்ளைகளுக்குப் போர்முனையிலிருந்து எழுதிய கடிதங்களில். அவர் பெயர் ஹ்யூ லாஃப்டிங்.

லாஃப்டிங் 1886 ஜனவரி 14 அன்று இங்கிலாந்தில் மெய்டன்ஹெட் என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே விலங்குகள் மீது பிரியம் அதிகம். அம்மா துணிமணி வைக்கும் அலமாரியில் சின்ன மிருகக்காட்சி சாலையே நடத்தினாராம். படித்தது சிவில் இன்ஜினியரிங். கனடா, மேற்கு ஆப்பிரிக்கா, கியூபா என்று பல நாடுகளில் வேலை பார்த்துவிட்டு, 1912-ல் நியூயார்க்கில் குடியேறித் திருமணம் செய்துகொண்டார். எலிசபெத், காலின் என்று இரண்டு குழந்தைகள்.

1916-ல் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து, பெல்ஜியம், பிரான்ஸ் போர்முனைகளுக்குப் போனார்.

போர் என்றால் ஓயாமல் சண்டை நடக்கும் என்று நாம் நினைக்கிறோம். அங்கே பெரும்பாலான நேரம் காத்திருப்பதில்தான் கழிந்தது. பகலில் பதுங்குகுழிக்கு வெளியே தலையை நீட்டினால் எதிரி சுட்டுவிடுவான். சேறு, எலி, பேன், மழை. எப்போது குண்டு விழும் என்ற பயம் ஒரு பக்கம், செய்வதற்கு ஒன்றுமில்லாத சலிப்பு மறு பக்கம். சிப்பாய்கள் சீட்டாடினார்கள், பாட்டுப் பாடினார்கள். வெடித்த பீரங்கிக் குண்டுகளின் பித்தளை உறைகளில் பூ வேலை செய்து ஜாடிகள் ஆக்கினார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆறுதல் தபால்தான். பிரிட்டிஷ் ராணுவத் தபால் துறை வாரத்துக்குச் சுமார் 1 கோடியே 20 லட்சம் கடிதங்களைக் கையாண்டது.

லாஃப்டிங்கின் பிள்ளைகளும் அப்பாவிடமிருந்து கடிதம் எதிர்பார்த்தார்கள், படம் போட்ட கடிதமாக. என்ன எழுதுவது? நடப்பதை எழுதினால் ஒன்று குழந்தைகள் தாங்க முடியாத கொடூரம். இல்லையென்றால் சொல்லவே சுவாரஸ்யமில்லாத வெறும் சலிப்பு.

அப்போது அவர் கண்ணில் பட்டவை ராணுவக் குதிரைகள். மனிதர்களைப் போலவே அவையும் குண்டுகளுக்கு நடுவே உழைத்தன. காயம்பட்ட சிப்பாய்க்கு எல்லா வைத்தியமும் உண்டு. பலத்த காயம்பட்ட குதிரைக்கோ துப்பாக்கிக் குண்டுதான். இது அவர் மனதை உறுத்தியது. குதிரைக்கும் ஒழுங்கான வைத்தியம் பார்க்க வேண்டுமானால், எங்கே வலிக்கிறது என்று அது சொல்வது டாக்டருக்குப் புரிய வேண்டுமே என்று யோசித்தார். மனிதர்களுக்குப் பார்த்த வைத்தியத்தை விட்டுவிட்டு, பாலினீசியா என்ற கிளியிடம் விலங்கு மொழி கற்றுக்கொள்ளும் டாக்டர் டூலிட்டில் இப்படித்தான் பிறந்தார். கதையோடு படமும் தானே வரைந்து வீட்டுக்கு அனுப்பினார்.

போரில் பலத்த காயமடைந்து ராணுவத்தை விட்டு வந்தார். போர் முடிந்ததும் குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். கடிதங்களைப் புத்தகமாக்கலாம் என்று யோசனை சொன்னது அவர் மனைவி. 1920-ல் முதல் புத்தகம் வெளியானது. இரண்டாவது புத்தகத்துக்கு 1923-ல் நியூபெரி பதக்கம் கிடைத்தது. மொத்தத்தில் டூலிட்டில் வரிசையில் பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வந்தன. அந்தக் காலத்தில் ஆப்பிரிக்கர்களைக் கேலியாக எழுதிய சில பகுதிகள் பின்னாளில் கண்டனத்துக்கு உள்ளாகி, புதிய பதிப்புகளில் திருத்தப்பட்டன.

சொந்த வாழ்க்கையில் துக்கம் அதிகம். முதல் மனைவி 1927-லும், மறுமணம் செய்துகொண்ட இரண்டாவது மனைவி 1929-லும் இறந்துபோனார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ல், போரே கூடாது என்று ஒரு நீண்ட கவிதை வெளியிட்டார். பெரியவர்களுக்காக அவர் எழுதிய ஒரே புத்தகம் அது. 1947 செப்டம்பரில் கலிபோர்னியாவில் காலமானார்.

அந்தக் கடிதங்களில் போரைப் பற்றி எதுவும் இல்லை. ஆனால் போரில் அவர் பார்த்த வேதனையிலிருந்துதான் அந்தக் கதை வந்தது. விடுமுறைக்கு வரும் பேரக்குழந்தைகளுக்கு டூலிட்டில் கதையைச் சொல்லும்போது, அந்தக் குதிரைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.