பூவும் சொல்லும் தேர்ந்த ராட்லர்

தமிழுக்கு அகராதி செய்த மேனாட்டார் வரிசையில் ராட்லரின் பெயரைத் தமிழ் பயில்வோர் அறிவர். அவரே நம் கடற்கரையின் காட்டுப்பூக்களை இனம் பிரித்தறிந்த தாவர அறிஞருமாவார் என்பதை அறிந்தோர் சிலரே. வரிச்சிக்குடிக்கு வடக்கே சில கல் தொலைவிலுள்ள தரங்கம்பாடியில்தான் அவரது ஆய்வு தொடங்கியது. ஆதலின் அவர் வரலாற்றில் நமக்குத் தனி உரிமை உண்டு.

யோகான் பீட்டர் ராட்லர் 1749இல் ஸ்டிராஸ்பர்க் நகரில் பிறந்தார். சமயப் பணியின் பொருட்டு 1776இல், அந்நாளில் டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு வந்தார். அவருக்கு முன்பே, 1768இல், கோனிக் என்னும் மருத்துவர் அங்கு வந்திருந்தார். கோனிக், ஸ்வீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸிடம் பயின்றவர்; பின்னர் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவிடம் இயற்கை ஆய்வாளராகப் பணியாற்றியவர். அவர் வழிநின்று ராட்லர், கிளைன், ஜான், ஹெய்னே முதலியோர் செடிகளைத் திரட்டித் தமக்குள் பகிர்ந்து ஆராய்ந்தனர்.

அப்பணியின் அருமையை நம் வரப்போரச் செடிகள் இரண்டைக் கொண்டே விளக்கலாம். நல்வேளையும் நாய்வேளையும் உறவுச் செடிகள். லின்னேயஸ் இரண்டையும் கிளியோம் என்னும் ஒரே பேரினத்தில் வைத்தார். நாய்வேளையின் பூ மஞ்சள். தண்டும் இலையும் கையில் பிசுபிசுக்கும். மகரந்தத் தாள்கள் பூவின் அடியிலிருந்தே கிளம்பும். நல்வேளையின் பூ வெண்மை. அதன் நடுவே நீண்ட காம்பொன்று எழும். அக்காம்பின் இடையில்தான் மகரந்தத் தாள்கள் பிரியும். இவ்வேறுபாடு கருதியே பிற்கால அறிஞர் நல்வேளையைத் தனிப் பேரினமாக்கினர். நம் முன்னோரோ, வேளை என்னும் பொதுச்சொல்லால் உறவையும், முன்னொட்டால் வேற்றுமையையும் ஒருங்கே உணர்த்தினர். கீரைக்கும் மருந்துக்கும் பறிப்போர்க்கு இத்தெளிவு இன்றியமையாதது.

பிழையின்றி இனம் பிரிக்க நினைவு மட்டும் போதாது. செடியைப் பூவோடு உலர்த்தித் தாளில் பதித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ராட்லர் அவ்வாறே செய்தார். 1799-1800இல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குச் சென்று மீண்ட வழியில் கண்ட செடிகளைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகளை, வில்டெனோ என்னும் அறிஞர் தம் விளக்கங்களுடன் 1803இல் பெர்லினில் வெளியிட்டார். ஒரு பேரினத்திற்கே ராட்லெரா என அவர் பெயர் சூட்டப்பெற்றது. பின்னர் அவ்வினம் மல்லோட்டஸ் என்பதனுள் அடங்க, அப்பெயர் வழக்கொழிந்தது. எனினும் ஒரு காட்டுமல்லிகை இன்றும் ஜாஸ்மினம் ராட்லேரியானம் என்றே வழங்குகிறது.

பிற்காலத்தில் சென்னை வேப்பேரியில் வாழ்ந்த ராட்லர், செடிகளிடம் காட்டிய நுட்பத்தைச் சொற்களிடமும் காட்டினார். அவருடைய தமிழ்-ஆங்கில அகராதியின் முதற்பகுதி 1834இல் வெளிவந்தது. 1836இல் அவர் மறைந்தார். தமிழகத்தில் அவர் வாழ்ந்தது அறுபது ஆண்டு. எஞ்சிய பகுதிகளை வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் செப்பம் செய்ய, 1841இல் அகராதி நிறைவுற்றது. அவர் திரட்டிய உலர்செடிகள் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்று, பின்பு கியூ தாவரத் தோட்டத்தை அடைந்தன. அவரது சென்னைப் பயணக் குறிப்புகளைத் திருச்சி தாவர அறிஞர் கே. எம். மேத்யூ மொழிபெயர்த்து, விளக்கங்களுடன் 1993இல் வெளியிட்டார்.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் நம் மண்ணில் பறித்த செடிகள் கடல் கடந்து காக்கப்படுகின்றன. நாமோ நல்வேளையையும் நாய்வேளையையும் களை என்ற ஒரே சொல்லால் கடந்து செல்கிறோம். பெயர் மறந்தால் வேறுபாடும் கண்ணில் படுவதில்லை. பெயரறிந்த முதியோர் நம்மிடையே இன்னும் உள்ளனர். அவர்களிடம் கேட்டு, செடியை நேரில் பார்த்து, ஊரும் நாளும் குறித்து எழுதி வைக்க ஒரு குறிப்பேடு போதும். தமிழ் மாணவரும் தாவரவியல் மாணவரும் இணைந்து செய்யத்தக்க பணி இது. முதியோர் இருக்கும்போதே இதனைத் தொடங்குவோமாக.