தந்தப் பிடில் பெற்ற வடிவேலு

வயிற்றுப்பாட்டிற்காகத் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தவர்கள் நாம். நமக்கு முன்னரே இங்கு வந்து, இந்நகரின் செவியில் நிலைத்துவிட்ட தமிழர் ஒருவர் உளர். அவரே தஞ்சை வடிவேலு.

1810-ஆம் ஆண்டில் பிறந்த அவர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம் ஆகியோரின் இளவல். நால்வரும் முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள். தஞ்சை மன்னரோடு மனத்தாங்கல் நேரவே, வடிவேலு உடன்பிறந்தாருடன் தெற்கே வந்தார். அவரை ஆதரித்த சுவாதித் திருநாள் மகாராஜா அவரினும் மூன்றாண்டு இளையவர்.

பிடில் மேனாட்டாரின் கருவி. பாலுசுவாமி தீட்சிதரை அடுத்து அதனை நம் இசைக்கு வயப்படுத்தியவர் வடிவேலு. மெட்டுகள் இல்லாத பலகையாதலின் விரல் வழுக்கி ஓடக் கமகம் பிறந்தது. ஏங்கும் மனத்தின் குழைவெல்லாம் நான்கு தந்திகளில் ஒலித்தது. 1879-இல் போர்த்துகீசியக் குடியேறிகள் கொணர்ந்த சிறு கருவி ஹவாய்த் தீவில் உகுலேலே ஆனதும் இவ்வாறே.

1834-இல் மகாராஜா அவருக்குத் தந்தத்தாலான பிடிலைப் பரிசளித்தார். மோகினியாட்டத்தைச் செம்மை செய்ததிலும் வடிவேலுவுக்குப் பங்குண்டு. நாற்பதை எட்டுமுன் அவர் மறைந்தார். மகாராஜாவும் 1846-இல், 33-ஆம் வயதில் மறைந்தார்.

பகலெல்லாம் பயணச்சீட்டுக் கணக்கோடு போராடிவிட்டு, மாலையில் குதிரைமாளிகையின் அருகே நடக்கையில் நாம் எண்ணுவதுண்டு: வந்த இடத்தில் நாம் பெற்றது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு? சம்பளப் பட்டியலில் ஏறாத அக்கணக்கில் வடிவேலு கடன் வைத்துப் போகவில்லை. நாமும் வையாதிருப்போமாக!