எட்மண்ட் ஹலி (1656 – 1742)

வால்வெள்ளி ஒன்றின் பெயரால் ஹலியை மாணவர்கள் அறிவர். ஆயுட் காப்புறுதிக் கணிப்பீட்டுக்கு வழிகாட்டியவரும் இவரே என்பதைப் பலர் அறியார்.

இலண்டனுக்கு அருகே சவர்க்காரத் தயாரிப்பாளர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஹலி, ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் படிப்பை இடைநிறுத்தி, சென் ஹெலனாத் தீவுக்குச் சென்று தென்வானத்து விண்மீன்கள் 341 இன் நிலைகளைப் பதிவு செய்தார். நியூட்டனின் 'பிரின்சிப்பியா' 1687 இல் அச்சேறியதும் இவரது பணத்திலேயாகும்.

1690 களில் இங்கிலாந்து அரசாங்கம் போர்ச் செலவுக்காக ஆண்டுத்தொகைகளை விற்றது. 100 பவுண் செலுத்தினால், பெயர் குறிக்கப்பட்டவர் உயிருடன் இருக்கும்வரை ஆண்டுதோறும் 14 பவுண் கிடைக்கும். பத்து வயதுச் சிறுவனுக்கும் எழுபது வயது முதியவருக்கும் ஒரே விலை! சிறுவனின் பெயரில் வாங்கியவர் பெரும் இலாபம் பெற்றார். அந்த இலாபத்தை வரியாகச் செலுத்தியவர்கள் பொதுமக்கள்.

நியாயமான விலையைக் கணிப்பதற்கு, எந்த வயதில் எத்தனை பேர் இறக்கின்றனர் என்பது தெரியவேண்டும். இலண்டன் மரணப் பட்டியல்களில் வயது குறிக்கப்படவில்லை. வெளியூரார் வந்து குடியேறியவண்ணம் இருந்தமையால் அங்கு கணக்கும் குழம்பியது. இன்று போலந்தில் விரொட்ஸ்வாவ் என வழங்கும் பிரெஸ்லோ நகரிலோ, கஸ்பார் நொய்மான் என்ற மதகுரு 1687 முதல் 1691 வரையான பிறப்பு, இறப்புகளை வயதுடன் திரட்டியிருந்தார். 49, 63 ஆகிய வயதுகள் உயிருக்கு ஆபத்தானவை என்னும் மூடநம்பிக்கையைச் சோதிக்கவே அவர் இதனைச் செய்தார்.

அத்தரவுகளைக் கொண்டு 1693 இல் ஹலி ஓர் ஆயுள் அட்டவணையை வெளியிட்டார். ஒரு வயதில் 1000 பேர் எனின், 20 வயதில் 598 பேரும் 50 வயதில் 346 பேரும் 80 வயதில் 41 பேரும் எஞ்சுவர். எனவே 20 வயதினர் ஒருவர் 50 வயதுவரை வாழ்வதற்கான நிகழ்தகவு 346/598, அதாவது ஏறத்தாழ 0.58 ஆகும். வகுப்பில் நாம் கற்கும் நிகழ்தகவுதான் இது. 6 சதவீத வட்டியில் அவர் கணித்த பெறுமதிகளின்படி, அரசாங்கம் 100 பவுணுக்கு விற்ற ஆண்டுத்தொகை 10 வயதினருக்கு ஏறத்தாழ 188 பவுணும் 70 வயதினருக்கு ஏறத்தாழ 74 பவுணும் பெறும்.

அரசாங்கம் இதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னரும் பல ஆண்டுகள் வயது பாராமலே விற்றது. ஹலி 1720 இல் அரச வானியலாளரானார். 1742 இல் காலமானார். அவர் எதிர்வுகூறிய வால்வெள்ளி 1758 டிசெம்பரில் மீண்டும் தென்பட்டது.

1750 களில் ஜேம்ஸ் டொட்சன் என்னும் கணித ஆசிரியரை, 45 வயதைக் கடந்துவிட்டார் என்று காப்புறுதிச் சங்கமொன்று சேர்க்க மறுத்தது. எந்த வயதினரும் சேரக்கூடியவாறு, வயதுக்கேற்ற கட்டணங்களை டொட்சன் கணித்தார். 1757 இல் அவரும் இறந்தார். 1762 இல் இலண்டனில் தொடங்கிய எக்குவிற்றபிள் சங்கம் அவரது முறையிலேயே ஆயுட் காப்புறுதி வழங்கியது.