ஞாயிறு காலை ஏரிக்கரையில் பைனாகுலரோடு ஒரு கூட்டம்... பின்னால் இருக்கும் சலீம் அலியின் கதை தெரியுமா?

நவம்பர் வந்தால் போதும், பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் அழைப்புகள் வரிசை கட்ட ஆரம்பித்துவிடும். இந்த ஞாயிறு காலை 6 மணிக்குப் பள்ளிக்கரணை, அடுத்த வாரம் வேடந்தாங்கல். பைனாகுலர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா வாங்க என்பார்கள். ஐ.டி. ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், பேத்தியைக் கூட்டிக்கொண்டு வரும் தாத்தாக்கள் எனப் பத்திருபது பேர் சேர்ந்து, தெரிந்த ஒருவர் கைகாட்டும் திசையில் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். இதுதான் 'பேர்ட் வாக்'.

அந்த அழைப்புகளில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் சலீம் அலி. அவர் பிறந்த நவம்பர் 12-ம் தேதியைத்தான் இந்தியாவில் பறவைகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 'இந்தியாவின் பறவை மனிதர்' என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால் புத்தகம் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. பொதுமக்களுக்குப் பறவைகளைக் காட்டி விளக்குவதுதான் சலீம் அலிக்குக் கிடைத்த முதல் 'பறவை வேலை'. அதுவும் நிலைக்கவில்லை.

துப்பாக்கியில் தொடங்கிய கதை

1896-ல் பம்பாயில் பிறந்தார் சலீம். ஒரு வயதில் அப்பா இறந்தார், மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். தாய்மாமன் அமீருதீன் தயாப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். மாமா வேட்டைப் பிரியர். மருமகனுக்கும் ஒரு பொம்மை ஏர்கன் வாங்கிக் கொடுத்தார். சிறுவனின் பொழுதுபோக்கு குருவி சுடுவது. ஆமாம், பறவை மனிதரின் கதை இப்படித்தான் தொடங்குகிறது.

ஒருநாள் சுட்ட குருவியைக் கையில் எடுத்துப் பார்த்தபோது அதன் தொண்டையில் மஞ்சளாக ஒரு திட்டு. வழக்கமான சிட்டுக்குருவி மாதிரி இல்லை. இதைச் சாப்பிடலாமா, கூடாதா என்ற சந்தேகத்தில் மாமாவிடம் கொண்டுபோனான். மாமாவுக்கும் அது என்ன குருவி என்று தெரியவில்லை. தான் உறுப்பினராக இருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார்.

அங்கே செயலாளராக இருந்தவர் டபிள்யூ.எஸ்.மில்லார்ட் என்ற ஆங்கிலேயர். செத்த குருவியோடு தயங்கித் தயங்கி வந்த சிறுவனை அவர் விரட்டிவிடவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு, அலமாரி அலமாரியாகத் திறந்து பாடம் செய்த பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தார். என்னைக் கேட்டால், இதைவிட நல்ல பேர்ட் வாக் எதுவும் நடந்திருக்க முடியாது. ஒரு பறவைகூட உயிரோடு இல்லை என்பது வேறு விஷயம்!

டிகிரி இல்லை, வேலையும் இல்லை

படிப்பில் சலீம் சுமார்தான். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு பர்மாவில் குடும்பத்தின் சுரங்க, மரத் தொழிலைப் பார்க்கப் போனார். தொழிலைவிடக் காட்டுப் பறவைகளைப் பார்த்ததுதான் அதிகம். திரும்பி வந்து வணிகப் படிப்போடு விலங்கியலும் படித்தார். 1918-ல் தெஹ்மினாவைத் திருமணம் செய்துகொண்டார். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் பறவையியலாளர் பணியிடத்துக்கு முயன்றபோது, உரிய பட்டம் இல்லை என்று கதவு மூடிவிட்டது.

1926-ல்தான் ஒரு வழி பிறந்தது. பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில் புதிதாகத் தொடங்கிய இயற்கை வரலாற்றுப் பிரிவில் 'கைடு லெக்சரர்' வேலை. வருகிறவர்களுக்குக் காட்சிக்கூடத்தைச் சுற்றிக்காட்டி விளக்க வேண்டும். மாதம் 350 ரூபாய், அந்தக் காலத்துக்கு நல்ல சம்பளம். ஆனாலும் இரண்டு வருடத்தில் அலுத்துவிட்டது. விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் பறவையியல் பேராசிரியர் எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் பயிற்சி பெற்றார். 1930-ல் நாடு திரும்பினால், நிதி இல்லை என்று அந்தப் பணியிடத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வயது முப்பத்து நான்கு. கையில் வேலை இல்லை. நம் லிங்க்ட்இன் மொழியில் சொன்னால் 'கரியர் பிரேக்'.

பம்பாயின் வாடகை கட்டுப்படியாகாமல் கடலோரக் கிராமமான கிஹிமுக்குக் குடிபோனார்கள். அங்கே வீட்டுக்குப் பக்கத்திலேயே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. வேறு வேலை இல்லாத சலீம் நாள்கணக்கில் உட்கார்ந்து அவற்றைக் கவனித்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் வந்து சுற்றிப் பார்க்கும். பிடித்தால்தான் குடியேறும். பிறகு ஆண் கூட்டை முழுசாக முடிக்கும். பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் அவர் அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த துணையைத் தேடுவார்! இதை விளக்கி அவர் எழுதிய கட்டுரைதான் பறவையியல் உலகில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. தூக்கணாங்குருவி நம் ஊரில் எல்லோரும் அண்ணாந்து பார்த்ததுதான். உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

அதன் பிறகு சமஸ்தானங்களிடம் ஒரு யோசனை சொன்னார். முகாம் செலவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், சம்பளம் வேண்டாம், உங்கள் பகுதியின் பறவைகளை நான் கணக்கெடுத்துத் தருகிறேன். ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் என்று பயணம் நீண்டது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது திருவிதாங்கூரில்தான் இருந்தது. முகாம்களில் கூடவே இருந்த தெஹ்மினா, 1939-ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். சலீம் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

மைனாவைவிடச் சின்னது, குருவியைவிடப் பெரியது

1941-ல் வந்தது 'தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்'. அதுவரை பறவைப் புத்தகம் என்றால் பெரும்பாலும் நிபுணர்களுக்கானது. இதை விலங்கியல் தெரியாத ஆளும் கையில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்பலாம். வண்ணப் படங்கள், எங்கே இருக்கும், என்ன செய்யும் என்ற குறிப்புகள். எல்லாவற்றையும்விட, பறவையின் அளவை நமக்குத் தெரிந்த பறவையோடு ஒப்பிட்டுச் சொல்லும் முறை. சிட்டுக்குருவி, புல்புல், மைனா, காகம், பருந்து என ஒரு வரிசை. இன்னும் எந்த பேர்ட் வாக்கில் போய் நின்றாலும், தெரியாத பறவையைப் பார்த்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான்: மைனாவைவிடப் பெருசா, சின்னதா? ஆப் வந்தும் இந்தக் கேள்வி போகவில்லை.

பின்னர் அமெரிக்கரான டில்லன் ரிப்ளேவுடன் சேர்ந்து 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளில் இந்தியா, பாகிஸ்தான் பறவைகள் கையேட்டை முடித்தார். பைக் பைத்தியமும் உண்டு. 1950-ல் ஸ்வீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்காகத் தன் சன்பீம் பைக்கைக் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கே ஓட்டிக்கொண்டு போனவர். 1976-ல் கிடைத்த கெட்டி விருதின் ஒரு லட்சம் டாலரைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்துவிட்டார்.

பரத்பூரில் சறுக்கியது எங்கே?

பிறந்தநாள் கட்டுரைகள் தாண்டிப்போகும் பகுதி இது. ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்புநிலம் மன்னர் குடும்பத்தின் வாத்து வேட்டைக்களமாக இருந்தது. விடுதலைக்குப் பிறகு அதை வயலாக்கும் கோரிக்கை எழுந்தபோது, நேரு வரை பேசி அதைக் காப்பாற்றியவர்களில் சலீம் அலி முக்கியமானவர். ஆனால் அது தேசியப் பூங்காவானபோது, மாடு மேய்க்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை அவரும் சங்கமும் ஆதரித்தார்கள். 1982-ல் தடை வந்தது. எதிர்த்துத் திரண்ட கிராமத்தினர் மீது போலீஸ் சுட்டதில் சிலர் உயிரிழந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் கொடுமை. மேய எருமைகள் இல்லாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்தது, பறவைகளுக்கே இடம் குறைந்தது. மேய்ச்சல் தேவை என்று கண்டறிந்தது வேறு யாருமல்ல, அதே பம்பாய் சங்கத்தின் நீண்டகால ஆய்வு. அதன் முடிவுகள் வந்தபோது சலீம் அலி உயிரோடு இல்லை.

நம் வேடந்தாங்கலை நினைத்துப் பாருங்கள். அங்கே ஏரிப் பறவைகளைச் சுட வந்தவர்கள் மீது புகார் சொல்லி, 1798-லேயே கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்கள் ஊர் மக்கள்தான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். கரையில் வாழ்பவரிடம் கேட்காமல் ஏரியைப் பாதுகாக்கலாம் என்று நினைத்ததில்தான் பரத்பூர் சறுக்கியது. வார இறுதியில் மட்டும் ஏரிக்குப் போகும் நமக்கும் இதில் பங்கு உண்டு என்றே தோன்றுகிறது.

1985-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார் சலீம் அலி. அதே ஆண்டு சுயசரிதையும் வந்தது. தலைப்பிலேயே அந்தச் சிட்டுக்குருவி இருந்தது. 1987 ஜூன் 20 அன்று, 90 வயதில் மறைந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் பெயரில் ஒரு பறவையியல் ஆய்வு மையம் கோவை ஆனைகட்டியில் தொடங்கப்பட்டது.

தமிழ்நாட்டில் அவர் பெயர் வேறு ஓர் இடத்திலும் இருக்கிறது. தேனி மாவட்டத்தின் மேகமலைப் பகுதியில் முதன்முதலில் கிடைத்த ஓர் அரிய பழந்தின்னி வௌவாலுக்கு 1972-ல் சலீம் அலியின் பெயரை வைத்தார்கள். அதைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு காலை 6 மணிக்குப் போய்ப் பிரயோஜனம் இல்லை. இருட்டிய பிறகுதான் வெளியே வரும்.